பின்கட்டுக் கோழிகளிடையே ஒரு முரட்டுப் பெட்டை: நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு நெசவுக் குடும்பம் வீட்டின் பின்கட்டில் பல ஆண்டுகளாக நாட்டுக்கோழி வளர்த்து வருகிறது. வீட்டுத் தேவைக்கு முட்டை, உறவினர் வந்தால் கறி, குலதெய்வக் கோயிலுக்கு ஆண்டுக்கு ஒரு சேவல் என்ற அளவோடு நிற்கும் வளர்ப்பு அது. பண்ணை என்று சொல்லும் அளவுக்கு என்றும் போனதில்லை. கோழிகளைத் திறந்துவிடுவது, மாலையில் அடைப்பது, தீவனம் போடுவது ஆகியவை ஐம்பது வயதைக் கடந்த குடும்பத் தலைவியின் பொறுப்பாக இருந்தன. முட்டை எடுப்பதையும் கூட்டைச் சுத்தம் செய்வதையும் அவருடைய மருமகள் பார்த்துக்கொண்டார்.

இந்த நிகழ்வு தொடங்கும் முன்பு அங்கே சிறுவிடை என்னும் சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழி வகையில் ஐந்து பெட்டைகளும், பெருவிடை என்னும் பெரிய வகையின் கலப்புள்ள கருங்கீரி நிறப் பெட்டை ஒன்றும், ஒரு சேவலும் இருந்தன. சிறுவிடைப் பெட்டை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. கருங்கீரி இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தது; நீண்ட கால், உயர்ந்த கழுத்து, அகன்ற நெஞ்சு என்று பெருவிடையின் உடல்வாகு முழுவதும் அதனிடம் தெரிந்தது. பெருவிடை சண்டைச் சேவல்களுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கப்பட்ட இனமாதலால் அதன் பெட்டைகளிடமும் சண்டைக் குணம் கூடுதலாகவே இருக்கும். ஆயினும் இரண்டு ஆண்டுகளாக இந்தப் பெட்டை மற்றவற்றோடு பெரிய தொல்லையில்லாமல் வாழ்ந்துவந்தது என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அமைதி எதனால் குலைந்தது என்பதே இந்த ஆய்வின் மையக் கேள்வி.

கூடு ஆறடி நீளமும் நான்கடி அகலமும் கொண்டது. மூன்று பக்கம் ஹாலோ பிளாக் சுவர், முன்பக்கம் கம்பி வலை, மேலே தகரக் கூரை. இரவில் அடைப்பதற்காக மட்டுமே அது கட்டப்பட்டது. பகல் முழுவதும் கோழிகள் பின்கட்டிலும், அதை ஒட்டியிருந்த தரிசு நிலத்திலும், குப்பைமேட்டிலும் மேய்ந்து கரையான், புழு, பூச்சி, புல் நுனி என்று தம் இரையில் பெரும்பகுதியைத் தாமே தேடிக்கொண்டன. வீட்டில் போட்டது காலையிலும் மாலையிலும் இரண்டு கைப்பிடி குருணை மட்டுமே.

சித்திரையில் ஒன்றாகச் சேர்ந்த மாற்றங்கள்

பங்குனிக் கடைசியில் குலதெய்வக் கோயிலில் நேர்த்தி செலுத்தச் சேவல் அறுக்கப்பட்டது. அடுத்த சேவலுக்காக விட்டிருந்த குஞ்சை முன்பே பருந்து தூக்கிச் சென்றிருந்ததால் கூட்டத்தில் சேவலே இல்லாமல் போயிற்று. சேவல் உள்ள கூட்டத்தில் பெட்டைகளின் சச்சரவு பொதுவாகக் குறைந்திருக்கும். இரண்டு பெட்டைகள் மோதிக்கொள்ளும்போது சேவல் இடையில் புகுந்து விலக்குவதைக் கோழி வளர்க்கும் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

சித்திரை முதல் வாரத்தில் தரிசு நிலத்தின் உரிமையாளர் அதை உழுது வெண்டையும் கொத்தவரையும் விதைத்தார். கோழிகள் விதையைக் கிளறுகின்றன என்று அவர் ஒருமுறை வருத்தப்பட்டுச் சொன்னவுடன், அக்கம்பக்கத்து உறவு கெட வேண்டாம் என்று குடும்பத் தலைவி கோழிகளைப் பகலிலும் கூட்டிலேயே அடைத்துவைத்தார். அவர் நோக்கம் நல்லதே. ஆனால் இரவில் கால் மடக்கி உறங்குவதற்குக் கட்டிய 24 சதுர அடி இடம் அன்றுமுதல் கோழிகளுக்கு முழுநேர உலகமாயிற்று. தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்பதை ஈரோட்டுப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. பெரும்பாலும் வாயைத் திறந்து மூச்சிரைத்தே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும்.

அடைத்துவைத்த கோழிகளுக்குத் தீவனமாகக் குருணையும் மக்காச்சோளமும் கிடைத்தன, வயிறு நிறையவே கிடைத்தன. முட்டையிடும் கோழியின் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். குருணையிலும் மக்காச்சோளத்திலும் இருப்பது ஏறக்குறைய அதில் பாதி. மேய்ச்சலில் கிடைத்த கரையானும் புழுவும் அந்தக் குறையை அதுவரை நிரப்பி வந்தன.

இந்த நிலையில், முட்டை குறைகிறது என்று வாரச் சந்தையில் மூன்று விடலைப் பெட்டைகளை வாங்கிவந்து, அன்று மாலையே கூட்டுக்குள் விட்டார்கள். ஆறு பெட்டைகள் இருந்த இடத்தில் ஒன்பது ஆயின. பாம்பும் நாயும் வரக்கூடும் என்ற அச்சத்தில் கூட்டுக்குள் ஒரு வெள்ளை எல்இடி விளக்கு இரவு முழுவதும் எரிந்தது.

நிகழ்ந்தது

புதிய விடலைகள் வந்த மறுநாளிலிருந்தே கருங்கீரி அவற்றைத் தீவனத் தட்டின் அருகில் நெருங்கவிடவில்லை. துரத்திச் சென்று கொண்டையைப் பற்றி இழுத்தது. மூலையில் ஒடுங்கியவற்றின் தலையில் மீண்டும் மீண்டும் கொத்தியது. முட்டை எடுக்கக் கையை நீட்டிய மருமகளின் மணிக்கட்டிலும், கூடு கூட்டும்போது கால் விரல்களிலும் இரத்தம் வருமளவுக்குக் கொத்தியதால் அவர் கூட்டுக்குள் போவதற்கே தயங்கினார். நாளுக்கு இரண்டு மூன்று முட்டை கிடைத்துவந்த வீட்டில் ஒன்று கிடைப்பதே அரிதாயிற்று.

இரண்டு வாரங்களுக்குள் விடலைகள் மூன்றுக்கும் வாலடியில் இறகு போய், தோல் சிவந்து தெரிந்தது. ஒரு நாள் விடியற்காலையில் அவற்றுள் ஒன்று இறந்து கிடந்தது. அதன் கழிவுத் துவாரத்தைச் சுற்றிய சதை கிழிந்து, குடலின் ஒரு பகுதி வெளியே வந்திருந்தது. குடும்பத் தலைவி அதை வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு, கருங்கீரியைத் தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்தார். “இது கோழியா, பேயா? ஞாயித்துக்கிழமை அறுத்துப் போட்டுட்டாத்தான் மத்ததுக பொழைக்கும்” என்பது அன்று அவர் சொன்னது.

நாட்டுக்கோழி வளர்ப்பில் நீண்ட காலம் இருப்பதால் அந்தப் பகுதியில் கோழிக்கு ஏதாவது வந்தால் என்னிடம் கேட்பது வழக்கம். அப்படித்தான் இந்தக் குடும்பமும் கேட்டது. கருங்கீரியை அறுப்பதாக இருந்தாலும் அதற்கு முன் சில நாட்கள் கூட்டத்தைக் கவனித்துப் பார்த்துவிடலாம் என்று கேட்டுக்கொண்டேன். மருமகள் உடனே ஒப்புக்கொண்டார். மாமியாருக்கு மனமில்லை என்றாலும் தடுக்கவில்லை.

கவனித்தவை

எது எதைக் கொத்துகிறது என்று உறுதியாகச் சொல்வதற்கு முதலில் கோழிகளை அடையாளம் காண வேண்டியிருந்தது. நெசவு வீடாதலால் நிற நூலுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு கோழியின் காலிலும் ஒரு நிறமாகத் தளர்வாகச் சுற்றிக் கட்டினோம். கருங்கீரியை மீண்டும் கூட்டில் விட்டு, காயம்பட்ட விடலைகளை அதற்கு எட்டாதபடி கம்பி வலைக்கு அப்பால் நிறுத்தினோம். தீவனம் போடும் வேளையிலும், நண்பகலிலும், அந்தி மங்கும்போதும் மருமகள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, கொத்தியது எது, கொத்து வாங்கியது எது, உடலில் எந்த இடத்தில் என்ற மூன்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதிவந்தார். இந்த வழக்கில் மிகுந்த பயன் தந்தது அந்த நோட்டுதான்.

நோட்டைப் படித்தபோது, அதுவரை ஒன்றாகக் கருதப்பட்ட தொல்லை இரண்டாகப் பிரிந்தது.

கருங்கீரியின் கொத்துகள் ஏறக்குறைய அனைத்தும் தலையிலும் கொண்டையிலும் கழுத்தின் பின்புறத்திலும் விழுந்தன. அவை தீவனத் தட்டுக்கும் முட்டைப் பெட்டிக்கும் அருகில், பகல் வெளிச்சத்தில் நடந்தன. கொத்துமுன் அது கழுத்து இறகைச் சிலிர்த்து, நிமிர்ந்து நின்று, எதிரியை நேராகப் பார்த்தது. எதிரி தலையைத் தாழ்த்தி விலகி ஓட இடமிருந்தால் பெரும்பாலும் அதோடு விட்டுவிட்டது. ஓட இடமில்லாத மூலையில்தான் விடாமல் கொத்தியது. கோழிகளுக்குள் இப்படி ஒரு மேல்-கீழ் வரிசை உண்டு என்பதை நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டரப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் விளக்கி எழுதினார். அந்த வரிசை நிலைபெற்றுவிட்டால் வெறும் பார்வையும் மிரட்டலுமே போதும். நிலைபெறாத கூட்டத்தில், அல்லது புதியவை நுழைந்த கூட்டத்தில், ஒவ்வொரு இணையும் தன் இடத்தைக் கொத்திக் கொத்தியே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கருங்கீரி செய்தது இதைத்தான். உடல் பெரிது, இனம் முரட்டு இனம், இடம் சிறிது என்பதால் அதன் விளைவு கடுமையாக இருந்தது.

ஆனால் விடலைகளின் காயம் தலையில் மட்டும் இல்லை. பெரிய காயங்கள் வாலடியில், எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி இருந்தன. அந்த இடத்தில் கருங்கீரி கொத்தியதாக நோட்டில் ஒரு பதிவுகூட இல்லை. இன்னொன்றும் மனத்தை உறுத்தியது. இரண்டு கோழிகளின் முதுகுப் புறமும் வாலடியும் வழுக்கையாக இருந்தும், கூட்டின் தரையில் உதிர்ந்த இறகு ஏறத்தாழ இல்லை. சண்டையில் பிடுங்கப்படும் இறகு தரையில் கிடக்கும். தரையில் இல்லையென்றால் அதை ஏதோ ஒரு கோழி தின்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அந்தியில் கூட்டின் பின்புறச் சந்து வழியாகப் பார்த்தபோது விடை கிடைத்தது. கோழிகள் படிப்படியாக உயர்ந்து செல்லும் மூங்கில் கழிகளில் ஏறி அமர்ந்திருந்தன. கம்பி வலையை ஒட்டிய மேல்கழியில் இருந்த ஒரு சாம்பல் நிறச் சிறுவிடையின் வால், கீழ்க்கழியில் இருந்த செவலைப் பெட்டையின் அலகுக்கு நேராக வந்தது. செவலை எந்தக் கோபமும் காட்டவில்லை. இறகைச் சிலிர்க்கவும் இல்லை. கழுத்தைச் சற்று நீட்டி, புதிதாக முளைத்த குருத்திறகு ஒன்றை அலகு நுனியால் பிடித்து, வெடுக்கென இழுத்து, இரண்டு முறை வாயில் புரட்டி விழுங்கியது. வளரும் குருத்தின் தண்டில் இரத்தம் ஓடும். பிடுங்கிய இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு கசிந்தது. சற்று நேரத்தில் பக்கத்திலிருந்த இன்னொரு பெட்டையும் அந்தப் பொட்டைக் கொத்தத் தொடங்கியது. இவையெல்லாம் எல்இடி வெளிச்சத்தில் பட்டப்பகல் போலத் தெளிவாகத் தெரிந்தன. அந்த விளக்கு இல்லாவிட்டால் கோழிகளுக்குக் கண் தெரியாது, கொத்தவும் முடியாது.

செவலை அந்த வீட்டிலேயே வயதில் மூத்த, மிகச் சாதுவான பெட்டை. அதன்மேல் ஒருவரும் ஐயம் கொள்ளவில்லை. பெரிய உருவமும் பார்த்தவுடன் பாயும் குணமும் கொண்ட கருங்கீரிமேல் எல்லாப் பழியும் சேர்ந்துவிட்டது. இறந்த விடலையைப் புதைத்துவிட்டதால் அதன் காயத்தை மருத்துவரிடம் காட்டி உறுதிப்படுத்த வாய்ப்பில்லை. எனினும் கழிவுத் துவாரத்தில் தொடங்கும் காயம் இறகு பிடுங்கலின் தொடர்ச்சியாக வருவதே வழக்கம் என்பதாலும், அது இரவில் நடந்திருப்பதாலும், கருங்கீரியைவிட இந்தக் கழியோரக் கொத்தலே அதற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் முடிவு.

விலக்கப்பட்ட காரணங்கள்

அடைக்கு உட்காரும் பெட்டை கிட்டப் போனாலே சீறும், கையைக் கொத்தும். கருங்கீரியும் அடைக்குக் கூடிவிட்டதோ என்று குடும்பத் தலைவி நினைத்தார். “இல்லீங்க அத்தை, அது ரெண்டு நாளைக்கு ஒருக்கா முட்டை வெக்குது, வெச்சதும் எந்திரிச்சு வந்துருது” என்று மருமகள் சொன்னது சரியாகவே இருந்தது. அடைக்கோழிக்குரிய கொர்கொர் ஒலியோ, நாள் முழுவதும் பெட்டியில் படிந்து கிடப்பதோ அதனிடம் இல்லை. பேன் உண்டா என்று இரவில் டார்ச் அடித்து இறக்கை அடியையும் கழிவுத் துவாரப் பகுதியையும் பார்த்தோம். சில கோழிகளில் கொஞ்சம் இருந்தது, ஆனால் இத்தனை இறகு போகுமளவுக்கு இல்லை. கூட்டின் கழி இடுக்குகளில் இரத்தம் குடிக்கும் செஞ்சிலந்திப் பூச்சி தென்படவில்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் வேலை காயம்பட்டவற்றைக் காப்பது. இரத்தம் தெரியும் கோழியைக் கூட்டத்தில் விட்டால் மற்றவை அதை விடாது. இரண்டு விடலைகளையும் சாம்பல் சிறுவிடையையும் தனியாக எடுத்து, கொதித்து ஆறிய உப்பு நீரால் காயத்தைக் கழுவி, கால்நடை மருந்தகத்து மருத்துவர் சொன்னபடி போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவினோம். காயத்தைச் சுற்றி ஈ உட்காராமலிருக்க வேப்பெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்துப் பூசினோம். கோடையில் கோழிக் காயத்துக்கு உண்மையான எமன் ஈதான். ஒரு பகல் கவனிக்காமல் விட்டால் புழு வைத்துவிடும். அதனால் காலையும் மாலையும் இறகை விலக்கிப் பார்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. இவை மூன்றையும் கூட்டத்தின் கண்ணில் படும்படி, கம்பி வலைக்கு மறுபுறம் வைத்தோம். முற்றிலும் மறைத்துவைத்தால் திரும்பச் சேர்க்கும்போது அவை அந்நியக் கோழிகளாகிவிடும்.

அடுத்து கருங்கீரி. அதை வீட்டின் முன்புறம், கூட்டத்தின் பார்வைக்கும் குரலுக்கும் எட்டாத இடத்தில் ஒரு வாரம் தனியே வைத்தோம். நிழலும் நீரும் தீவனமும் குறைவில்லாமல் கொடுத்தோம், தண்டிப்பது நோக்கமன்று. அது இல்லாத நாட்களில் மற்றவை தமக்குள் ஒரு வரிசையை அமைத்துக்கொள்ளும். திரும்பி வரும்போது அதுதான் புதிதாக நுழையும் கோழியாக இருக்கும். கொத்து வாங்குகிற கோழியையே எப்போதும் எடுத்து அகற்றினால் இது தலைகீழாகிவிடும். பாவப்பட்ட கோழி ஒவ்வொரு முறையும் அந்நியமாகித் திரும்பும். அதன் நிலை மேலும் கீழிறங்கும்.

செவலைக்கு வேறு வழி தேவைப்பட்டது. இறகு தின்பது சண்டைக் குணத்தால் வருவது அன்று. குறைந்த புரதம், கிளறுவதற்கு இடமில்லாமை, நெருக்கம், அதிக வெளிச்சம் ஆகியவை சேர்ந்து உண்டாக்கும் பழக்கம் அது. இறகு கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதில் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் நிறைய உண்டு. அவற்றுள் ஒன்றான மெத்தியோனின் தீவனத்தில் குறைந்துபோனால் கோழிகள் இறகைத் தேடித் தின்பது கூடும். ஆகவே தீவனத்தை மாற்றினோம். பத்துக் கிலோவுக்கு மக்காச்சோளமும் கம்பும் சேர்ந்து ஆறு கிலோ, தவிடு ஒன்றரைக் கிலோ, கடலைப் புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ, எள்ளுப் புண்ணாக்கு அரைக் கிலோ, உப்பிடாத கருவாட்டுத் தூள் அரைக் கிலோ, உப்பு 30 கிராம் என்ற கலவை. எள்ளுப் புண்ணாக்கைச் சேர்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு: புண்ணாக்குகளில் மெத்தியோனின் நன்றாக இருப்பது அதில்தான், பக்கத்துச் செக்கிலேயே கிடைக்கவும் செய்தது. கடலைப் புண்ணாக்கு சிறிதும் பூசணம் பிடிக்காததாக இருக்க வேண்டும். பூசணத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் கோழியின் ஈரலைக் கெடுத்துவிடும். கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்தோம்; முட்டையிடும் கோழி தேவையான அளவைத் தானே எடுத்துக்கொள்ளும்.

இடப் பிரச்சினைக்கு மருமகள்தான் வழி கண்டார். பக்கத்து நிலத்துக்காரரிடம் நேரில் பேசி, வேலியோரத்தில் தம் செலவிலேயே பழைய மீன்வலையை ஆறடி உயரத்துக்குக் கட்டினார்கள். அதனால் பின்கட்டு முழுவதும் கோழிகளுக்குத் திரும்பக் கிடைத்தது. தரிசு நிலம் கிடைக்கவில்லை, ஆனால் கூட்டைப்போல் பத்து மடங்குக்கு மேல் இடம் வந்தது. அதில் ஒரு மூலையில் குப்பையும் வைக்கோலும் கொட்டி, பிடி கம்பை அதன்மேல் தூவினால், அரை நாள் அதைக் கிளறுவதிலேயே போய்விடும். மற்றொரு மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் வேப்பிலைத் தூளும் கலந்து மண்குளியலுக்குக் குழி அமைத்தார்கள். முருங்கை, அகத்திக் கொத்துகளை அலகுக்கு எட்டும் உயரத்தில் கயிற்றில் தொங்கவிட்டார்கள். தீவனத் தட்டு ஒன்று இரண்டாயிற்று. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி இடையில் தென்னந்தட்டி மறைப்பு வைத்தோம். எத்தனை பெரிய முரட்டுக் கோழியானாலும் ஒரே நேரத்தில் இரண்டு தட்டுக்குக் காவல் நிற்க முடியாது.

கூட்டுக்குள் படிப்படியாக உயர்ந்த மூங்கில்களை எடுத்துவிட்டு, எல்லாக் கழிகளையும் ஒரே மட்டத்தில், ஒரு கோழிக்கு ஒரு சாண் இடம் வரும்படி கட்டினோம். ஒன்றின் வால் மற்றொன்றின் அலகுக்கு நேரே வராது. எல்இடி விளக்கைக் கழற்றிக் கூட்டுக்கு வெளியே, வாசலைப் பார்த்து மாட்டினோம். பாம்பு நுழையாமலிருக்க அடிப்பகுதியில் நெருக்கமான கம்பி வலை அடித்தோம். என் பார்வையில் இந்த வழக்கின் மிகச் சிறிய செலவும் மிகப் பெரிய பலனும் இந்த விளக்கு மாற்றமே.

ஏற்காத யோசனைகள்

அறுப்பது என்ற யோசனை கடைசிவரை இருந்தது. கருங்கீரியை அறுத்திருந்தால் வாலடிக் காயம் நின்றிருக்காது. அடுத்த விடலையும் இறந்திருக்கும். அதன் பிறகுதான் செவலைமேல் கண் போயிருக்கும். கருங்கீரி இரண்டு ஈடு குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காத்து வளர்த்த பெட்டை என்பதையும் மாமியாருக்கு மருமகள் நினைவூட்டினார். அந்தப் பேச்சுக்கு வீட்டில் எடை இருந்தது.

அலகு நுனியைச் சுட்டோ வெட்டியோ விடலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். முட்டைக் கோழிப் பண்ணைகளில் குஞ்சுப் பருவத்திலேயே அப்படிச் செய்வது உண்டு. கோழியின் அலகு நகம் போன்ற உயிரற்ற பொருள் அன்று; அதன் நுனிவரை நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுகின்றன. வளர்ந்த கோழிக்கு அதை வெட்டினால் வலி நீண்ட காலம் நீடிக்கும். மேயும் கோழிக்குப் புழு எடுக்கவும், இறகைக் கோதிப் பேனைப் பொறுக்கவும் இருக்கும் ஒரே கருவி அலகு. காரணம் கூட்டில் இருக்கும்போது கோழியின் முகத்தை ஊனமாக்குவது கொடுமை என்று நான் உறுதியாகச் சொன்னேன். அந்த யோசனை அத்துடன் நின்றது.

தொடர்ந்தது

பின்கட்டு திறந்துவிடப்பட்ட சில நாட்களிலேயே கூட்டத்தின் இரைச்சல் தணிந்தது. கருங்கீரியைத் திரும்பச் சேர்க்கும் வேளை பற்றிச் சிறிது விவாதித்தோம். இரவில் கழியில் ஏற்றிவிடுவதே ஊர் வழக்கம். ஆனால் அப்படிச் செய்தால் சண்டை விடியற்காலையில், ஒருவரும் பார்க்காத வேளையில், அடைத்த கூட்டுக்குள் நடக்கும். ஆகவே மாலை வெயில் சாய்ந்தபின், கோழிகள் எல்லாம் வெளியில் கிளறிக்கொண்டிருந்தபோது, திறந்த இடத்தில் அதை விட்டோம்.

எதிர்பார்த்தபடி மூத்த சிறுவிடைகள் இரண்டு அதை எதிர்த்து நின்றன. மூன்று கோழிகளும் கழுத்தைச் சிலிர்த்துத் துள்ளிக் காலால் உதைத்துக்கொண்டன. கொண்டையில் சிறிது இரத்தம் வந்தது. குடும்பத் தலைவி விலக்கப் போனபோது தடுத்தோம். வெளியே ஓட இடம் இருக்கும்வரை, கீழே அழுத்திப் பிடித்துக் கொத்தாதவரை, அந்த மோதல் தானாக முடிவது நல்லது. கால் மணி நேரத்துக்குள் கருங்கீரி விலகிச் சென்று தனியாக மேயத் தொடங்கியது. சில வாரங்கள் நடுவரிசையில் இருந்துவிட்டு, ஆனி முடிவதற்குள் அது மீண்டும் முதலிடத்துக்கு வந்துவிட்டது. முதலிடம் அதனிடமிருந்து போகவில்லை. போகவேண்டிய தேவையும் இல்லை. தீவனத் தட்டுக்கு அருகில் அது நிமிர்ந்து நின்றாலே மற்றவை இரண்டாவது தட்டுக்குப் போய்விட்டன. கொத்துவது வெகுவாகக் குறைந்தது.

மருமகளைக் கொத்துவது நிற்பதற்குச் சற்றுக் காலமாயிற்று. கையை வேகமாக இழுத்துக்கொண்டால் அது வெற்றியென்று கொள்ளும் என்பதால், முட்டை எடுக்கும்போது தடித்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, மெதுவாக, விலகாமல் எடுக்கச் சொன்னேன். காலையில் கூட்டைத் திறந்தவுடன் ஒரு பிடி ஊறிய கம்பை அவரே கையால் தூவினார். இப்போது அது அவர் காலடியில் வந்து நிற்கிறது. புதிதாக வருபவர்களை மட்டும் இன்னும் முறைக்கிறது.

விடலைகள் இரண்டும் ஒரு மாதத்துக்குள் ஆறின. பிடுங்கப்பட்ட இடத்தில் புதிய குருத்து முளைத்து மூடிக்கொண்டது. நடுவில் ஒடிந்த இறகுகள் மட்டும் இறகுதிர் காலம்வரை அப்படியே நின்றன. குருத்து வெளிவரும் வாரங்களில் அவற்றைச் செவலையோடு சேர்க்கவில்லை. வளரும் குருத்துதான் அதை மிகவும் ஈர்த்தது.

செவலையின் பழக்கம் குறைந்தது, ஆனால் முற்றிலும் போகவில்லை. தீவனம் சீரான பின்னும், இடம் கிடைத்த பின்னும், மழை நாட்களில் எல்லாம் கூட்டுக்குள் ஒதுங்கியபோது அது மீண்டும் பக்கத்துக் கோழியின் முதுகை நோக்கிக் கழுத்தை நீட்டியது. நீண்ட நாள் ஊறிய இறகுப் பழக்கம் பெரும்பாலும் அப்படித்தான். மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும் அபாயமும் உண்டு. ஆடி மாதம் அதைக் குடும்பத் தலைவியின் அண்ணன் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, கொடுத்தார்கள். அங்கே மாட்டுக் கொட்டகையும் எருக்குழியும் உண்டு. நாள் முழுவதும் திறந்தவெளிதான், கோழிகள் அடைவது மரக்கிளையில்தான். இதுவரை அங்கிருந்து குறை எதுவும் வரவில்லை. மூத்த கோழியை அனுப்புவதில் குடும்பத் தலைவிக்கு மிகுந்த வருத்தம். அந்த வருத்தம் நியாயமானதே.

முட்டை ஆனிக்குப் பிறகு பழைய அளவுக்குத் திரும்பியது. விடலைகளில் ஒன்று ஆவணியில் முதல் ஈடு வைத்தது.

இனி மாற்றிச் செய்யப்படுபவை

புதிய கோழியை வாங்கிய அன்றே கூட்டில் விடும் வழக்கத்தை அந்த வீடு நிறுத்திவிட்டது. முதல் மூன்று வாரம் தனி இடத்தில், தனி நீர்ச்சட்டியோடு வைக்கிறார்கள். சந்தைக் கோழியோடு ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தால் முழுக் கூட்டமும் போய்விடும் என்பது அதற்கு முதற்காரணம். கண்ணில் ஒளி, எச்சத்தில் மாற்றம், மூச்சுச் சத்தம் ஆகியவற்றைப் பார்த்து, நலமாக இருந்தால் மருந்தகத்தில் கேட்டு ராணிக்கெட் தடுப்பூசி போட்டபின், வலைக்கு மறுபுறம் ஒரு வாரம் நிறுத்திச் சேர்க்கிறார்கள். ஒற்றைக் கோழியாக வாங்குவதில்லை; இரண்டு மூன்றாக, ஏறக்குறைய ஒரே வயதில் வாங்கினால் கொத்து ஒன்றின்மேலேயே விழாது.

சேவலை நேர்த்திக்குக் கொடுப்பதென்றால் அடுத்த சேவல் கூட்டத்தில் பழகிய பிறகே கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். இப்போது ஒரு சிறுவிடைச் சேவல் இருக்கிறது. அது கருங்கீரியைவிட உருவில் சிறியது, முதல் இரண்டு மாதம் அதனிடம் கொத்து வாங்கியே வளர்ந்தது.

இன்னும் தீராத ஒன்று மழைக்காலம். ஐப்பசியில் பல நாட்கள் கோழிகள் கூட்டுக்குள்ளேயே இருக்க நேரிடும். அந்த 24 சதுர அடி எட்டுக் கோழிக்குப் பகலுக்குப் போதாது. கூட்டின் முன்புறம் எட்டடிக்கு ஆறடியில் கீற்றுக் கூரை வேய்ந்து, கீழே தேங்காய் நார்க்கழிவு பரப்பிய தாழ்வாரம் ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன். மூங்கில் வந்து இறங்கிவிட்டது. கீற்று முடைபவர் புரட்டாசிக் கடைசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மருமகள் அந்த நோட்டை இன்னும் எழுதிவருகிறார்.